தளத்தில் இல்லாத பேச்சு

தென்காசி,
2.6.2025

கடற்கரை,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். நீ அதைப் படித்து ஒரு சிரிப்புச் சிரிப்பாய், அதனால் விட்டுவிட்டேன்.

போனில் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். மகள் ஃபாயிஸா போனிலிருந்து அடித்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். வியாழக்கிழமை சுந்தரபாண்டியபுரத்துக்கே வந்தேன். "அவுக இல்லையே அண்ணாச்சி, ஆலங்குளம் போயிருக்காவ" என்றாள் ஸ்ரீதேவி. உன் செருப்பு வாசலில் கிடந்தது. உன் மனைவிக்குப் பொய் வராது. சொல்லும்போது என்னைப் பார்க்காமல் செருப்பைத்தான் பார்த்தாள். அதனால், அரை மணி பஸ் தூரத்தில் இருப்பவனுக்குத் தபால் போடுகிறேன்.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒருதரம் எழுதிவிடுகிறேன்.

ஃபாயிஸா கல்லூரியில் பேச்சுப் போட்டி. இங்கிலீஷில் பேச வேண்டும். 2012 பொதுக்குழுவில் நான் பேசிய 'ஒரு அடி நகர மாட்டோம்' பேச்சைக் கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம் இல்லையா, அதை இங்கிலீஷில் மாற்றி, 'இது என் வாப்பா பேசியது' என்று சொல்லிப் பேசியிருக்கிறாள். நடுவராக வந்த அம்மா முழுக்கக் கேட்டிருக்கிறார். பிறகு போனில் ஒரு இணையதளத்தைத் திறந்து காட்டியிருக்கிறார். அமெரிக்க ஜனாதிபதிகள் அந்தக் காலத்திலிருந்து பேசிய பேச்செல்லாம் தேதிவாரியாக அதில் இருக்கிறது. சிலதைக் குரலாகவே கேட்கலாம். நம் 'ஒரு அடி நகர மாட்டோம்', ஏதோ ஒரு யுத்தத்தில் ஒருத்தர் பேசியது.

"உங்க வாப்பாவுக்கு என்ன வயசும்மா ஆவுது?" என்று அந்த அம்மா கேட்க, மண்டபமே சிரித்ததாம்.

பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். நீ எனக்கு எழுதிக் கொடுத்த பதினெட்டு வருஷப் பேச்சில் பன்னிரண்டு அங்கே இருக்கிறது. படைவீரன் வருகிற இடத்தில் வியாபாரி என்று போட்டிருக்கிறாய். எதிரி நாடு வருகிற இடத்தில், நம் இடங்களைப் பிடிக்க அன்றைக்கு ஆள் இறக்கிய வெளியூர்க் குத்தகைக்காரன்.

நான் ஐந்தாம் வகுப்பு. குற்றாலம் ஐந்தருவிப் படியில் கூடையை வைத்து ரம்புட்டான் விற்றவன். அப்படிப்பட்டவன் சங்கத் தலைவராகி மைக்கைப் பிடித்தால் கூட்டம் அடங்குகிறதே, அது வக்கீல் குமாஸ்தா கடற்கரையின் மண்டையிலிருந்து வருகிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். லேபிள் மாற்றி வந்த சரக்கு என்று தெரியாது.

அந்த ஆத்திரத்தில்தான் மே 25 பொதுக்குழுவில் சொன்னேன்: "எழுதுனவன் இல்ல, களவாண்டவன். அந்தா மூணாவது வரிசையில இருக்கான் பாருங்க கடற்கரை." நூற்றிருபது பேர் திரும்பினார்கள். நீ கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாய். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். என் தப்புதான்.

இப்போது கேட்பது ஒன்றே ஒன்று. 2013 சாரல் சீசனில் அருவி வெள்ளம் என் தம்பி மன்சூரைக் கடையோடு கொண்டுபோனது. இரங்கல் கூட்டத்தில் நான் வாசிக்க ஒன்று எழுதிக் கொடுத்தாய். 'அவன் நின்றான். அவன் கேட்டான். நாம் பதில் சொல்லவில்லை. இனி எந்தப் பதிலும் அவனுக்குப் போய்ச் சேராது.' இந்த நாலு வரி எனக்குப் பாராமல் வரும். மற்றப் பேச்செல்லாம் யாருடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். இது உன்னுடையதா, அங்கேயிருந்து எடுத்ததா? அதை மட்டும் சொல்.

பரீது

—

சுந்தரபாண்டியபுரம்,
9.6.2025

ஐந்தருவி பருவகால வியாபாரிகள் சங்கத் தலைவர் ஜனாப் பரீது அவர்களுக்கு,

தங்கள் 2.6 தேதியிட்ட கடிதம் கிடைத்தது.

களவு உண்மை. 2007-ல் முதல் தடவை நீ தலைவரானபோது, "ஏதாவது எழுதிக் குடுடே, மானம் போயிராம" என்று கேட்டாய். எனக்கு நோட்டீஸ் எழுதத் தெரியும், பதில் மனு எழுதத் தெரியும். பேச்சு எழுதத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கம். கோர்ட்டுக்கு எதிரே ஸ்டான்லி வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், தலைவர் உரைக்கு 'பிரசிடெண்ட் ஸ்பீச்' என்று இங்கிலீஷில் தேடினேன். அந்தத் தளம் வந்தது. பிரசிடெண்ட் என்றால் அவர்கள் ஜனாதிபதிதான். இருந்தால் என்ன, தலைவர் பேச்சுதானே என்று எடுத்தேன். ஒன்று எடுபட்டது. அடுத்த வருஷமும் நீ கேட்டாய்.

ஒருவகையில் எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது. எங்கேயோ எவனோ படைக்குச் சொன்னதை நம்மூர் சிப்ஸ் கடைக்காரர்கள் கேட்டுக் கைதட்டுகிறார்களே என்று. பாவம் என்று நினைக்கவில்லை. யாருக்கும் நஷ்டம் இல்லாத திருட்டு என்று நினைத்தேன்.

ஃபாயிஸாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அந்தப் பிள்ளை தலைகுனிய நான் காரணமானது உறுத்துகிறது.

பொதுக்குழுவில் நீ என் பெயரைச் சொன்னபோது, எனக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கடை முத்துவடிவு உட்கார்ந்திருந்தாள். "எந்திரிச்சுப் பதில் சொல்லுங்க அண்ணாச்சி" என்று என் முழங்கையை இடித்தாள். நான் நிரபராதி என்று அவள் நம்பினாள். அதுதான் தாங்க முடியவில்லை.

மன்சூருக்கு எழுதியதைக் கேட்டிருக்கிறாய். அதுவும் அங்கேயிருந்து எடுத்ததுதான். போதுமா?

இனி எழுத வேண்டாம்.

கடற்கரை

—

தென்காசி,
21.6.2025

கடற்கரை,

எழுத வேண்டாம் என்றாய். உன் பேச்சைக் கேட்டுத்தான் பதினெட்டு வருஷம் ஓட்டினேன், இதை மட்டும் கேட்கவில்லை.

சாரல் பிடித்துவிட்டது. ஐந்தருவியில் நல்ல கூட்டம். கடையில் இருக்க வேண்டியவன், சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து ஒன்பது நாளாக ஃபாயிஸாவை வைத்து அந்தத் தளத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறேன். அவள் வாசித்துத் தமிழில் சொல்லுவாள், நான் கேட்பேன். சாவுக்குப் பேசியதெல்லாம் தனியாகப் பிரித்தோம். சுரங்கத்தில் செத்தவர்களுக்குப் பேசியது, கப்பல் முழுகியதற்கு, பள்ளிக்கூடத்தில் சுட்டதற்கு, வெள்ளத்துக்கு, புயலுக்கு. அவர்களுக்கும் துக்கத்துக்குக் குறைவில்லை. ஒரு இடத்தில் நான் கண்ணைத் துடைத்தேன். "வாப்பா, இது யாருன்னே ஒங்களுக்குத் தெரியாது" என்று பிள்ளை கேலி செய்தாள்.

மன்சூர் பேச்சு அங்கே இல்லை. நாலு வரியில் ஒன்றுகூட இல்லை. அதன் சாடை உள்ள வரிகூட இல்லை. நீ பொய் சொல்லுகிறாய்.

திருடியவன் திருடவில்லை என்று பொய் சொல்வான், அதை நான் தினம் பார்க்கிறேன். சொந்தச் சரக்கைத் திருட்டுச் சரக்கு என்று சொல்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கு வலிக்க வேண்டும் என்று சொன்னாயா? அப்படியானால் வலித்தது. இப்போது உண்மையைச் சொல்.

இன்னொன்று. அந்த ஜனாதிபதிகளில் பல பேருக்கு எழுதிக் கொடுக்கத் தனியாக ஆள் இருந்தார்களாம், ஃபாயிஸா சொன்னாள். அவர்கள் பெயரை மேடையில் யாரும் சொல்லுவதில்லையாம். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. பதினெட்டு வருஷத்தில் சங்க மேடையில் உன் பெயரை நான் ஒரே தடவைதான் சொல்லியிருக்கிறேன். அது களவாணி என்று.

நாளை மறுநாள் மன்சூரின் நாள். பன்னிரண்டு வருஷம்.

பரீது

—

சுந்தரபாண்டியபுரம்,
30.6.2025

பரீது,

அங்கே இல்லை என்றால் வேறு எங்கேயாவது இருக்கும். தளம் ஒன்றுதானா உலகத்தில்?

விட்டுவிடேன். உனக்கு அந்தப் பேச்சு பிடித்திருக்கிறது. யார் எழுதியது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

கடற்கரை

—

தென்காசி,
5.7.2025

கடற்கரை,

விட்டிருப்பேன். இப்போது விட முடியாது.

மன்சூர் மகன் ஹுஸைஃபா கடைக்குப் புதுப் பலகை போடுகிறான். தகப்பன் நின்ற அதே இடம், அதே பழக்கடை. பலகையில் பாதிக்கு மன்சூர் படம், பக்கத்தில் உன் நாலு வரி. 'அவன் நின்றான்' என்பது பெரிய எழுத்தில். ஆலங்குளத்தில் டிசைன் போடக் கொடுத்தாயிற்று. "பெரியவாப்பா, அடியில யாரு பேரைப் போட? ஒங்க பேரா, கடற்கரை மாமா பேரா?" என்று கேட்கிறான். பொதுக்குழுவில் நடந்தது அவனுக்கும் தெரியும். "அதுவும் அமெரிக்காக்காரன் எழுதுனதுன்னா வேண்டாம், நாளைக்கு எவனாவது போனை நீட்டிச் சிரிச்சிருவான்" என்கிறான்.

நான் என்ன பதில் சொல்ல? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகை ஏறுகிறது.

பரீது

—

சுந்தரபாண்டியபுரம்,
8.7.2025

பரீது,

அந்தப் பலகையை ஏற்றவிடாதே. காரணத்தை எழுதுகிறேன். எழுதி முடித்து, கிழித்துப் போடாமல் தபால் பெட்டியில் போட்டுவிட்டால் பெரிய விஷயம். இதுவரை மூன்று கிழித்தாயிற்று.

நீ வாசித்த 'ஒரு அடி நகர மாட்டோம்' பேச்சின் கடைசியில் ஒரு தீர்மானம் இருந்தது. பருவ நாளில் தலைவர் சொல்லாமல் யாரும் கடையை எடுக்கக் கூடாது, எடுத்தால் அந்த இடம் அடுத்தவருக்கு. அந்தத் தீர்மானம் அமெரிக்காவில் இல்லை. நான் எழுதியது. அங்கே அந்த ஜனாதிபதி, அணியை விட்டு விலகுகிறவன் தன் பக்கத்தில் நிற்பவனைக் காட்டிக்கொடுக்கிறான் என்கிற மாதிரி பேசியிருந்தார். நான் அதைப் படித்த சூட்டில் அதற்கு ஒரு சட்டம் போட்டேன். குத்தகைக்காரன் காலி இடத்தில்தான் ஆளை இறக்குகிறான், அதனால் காலி இடமே இருக்கக் கூடாது. நீ வாசித்தாய். எல்லாரும் கை தூக்கினார்கள். குத்தகைக்காரன் ஓடியும் போனான். நாம் ஜெயித்தோம். யுத்தத்துக்குச் சொன்னதை அருவிக்கரைக்குப் போட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. குண்டு வரும் திசையில் நிற்கலாம், தண்ணீர் வரும் திசையில் நிற்கக் கூடாது என்பது குற்றாலத்தில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஸ்டான்லி கடையில் இருந்தேன். சுதந்திர தினத்துக்கு நீ கொடியேற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தாய். அந்தத் தளத்தில்தான் தேடிக்கொண்டிருந்தேன். நல்ல பேச்சு ஒன்று கிடைத்துப் பாதி எழுதியாயிற்று.

மன்சூர் போன் செய்தான்.

"அண்ணே, தண்ணி செம்மண் நெறத்துல வருது. மேல நல்ல மழை போல. கடையை எடுத்துரட்டா? அண்ணனுக்கு ரெண்டு தடவை அடிச்சேன், எடுக்க மாட்டேங்காவ."

"குளிக்கிறவங்களை வெளிய ஏத்திட்டாங்களாலே?"

"ஏத்திட்டாங்க. நாங்கதான் நிக்கோம். தலைவர் சொல்லாம எடுத்தா நாளைக்கு என் எடத்துல வேற ஒருத்தன் தார்ப்பாயைக் கட்டிருவான். தலைவர் தம்பியே எடுத்துட்டான்னு வேற பேசுவானுவ. தீர்மானம் நீங்கதான எழுதுனீய, நீங்க சொல்லுங்க. எடுக்கட்டா?"

எடு என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. பரீது, அன்றைக்கு எனக்கு நான் எழுதிய சட்டத்தின்மேல் ஒரு மரியாதை இருந்தது. குமாஸ்தா புத்தி. அதிகாரம் இல்லாதவன் உத்தரவு போடக் கூடாது என்று. "இரு, பரீதுகிட்டக் கேட்டுச் சொல்லுதேன், அதுவரைக்கும் நில்லு" என்றேன்.

"சரிண்ணே, சீக்கிரம் கேளுங்க" என்றான்.

உடனே உனக்கு அடித்திருக்க வேண்டும். இன்னும் இரண்டு பத்திதான், முடித்துவிட்டு அடிப்போம் என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். அருவியில் தண்ணீர் கூடுவதும் குறைவதும் நமக்குப் புதுசா என்று நினைத்தேன். எழுத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. உனக்கு நான் அடித்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நீ எடுத்து, "மன்சூரைக் காங்கலையாம்டே" என்றாய். நான் எதற்குக் கூப்பிட்டேன் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு எழுதச் சொன்னபோது அந்தத் தளத்தைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. நானே எழுதினேன். என் வாழ்க்கையில் சொந்தமாக எழுதிய பேச்சு அது ஒன்றுதான். அவன் கேட்டான், நாம் பதில் சொல்லவில்லை. எல்லாரும் அதை விதி, ஆண்டவன், அரசாங்கம் என்று எப்படியெல்லாமோ எடுத்துக்கொண்டு அழுதார்கள். நடந்ததைத்தான் எழுதியிருந்தேன். 'நான்' என்று போட வேண்டிய இடத்தில் 'நாம்' என்று போட்டேன், அவ்வளவுதான்.

நீ கேட்டபோது அதையும் திருடியது என்று சொன்னால் இது மூடியே கிடக்கும் என்று பார்த்தேன். பன்னிரண்டு பேச்சுத் திருடியவனுக்குப் பதின்மூன்று ஒரு பெரிய வித்தியாசமா? திருடன் என்ற பெயரோடு செத்துவிடலாம். இந்தப் பெயரோடு முடியாது. நீ பிள்ளையை வைத்துத் தேடுவாய் என்று எதிர்பார்க்கவில்லை.

தகப்பன் நின்றான் என்று அந்தப் பையன் பெருமையாகப் பெரிய எழுத்தில் போட வேண்டாம். நில்லு என்று சொன்னவன் நான்.

கடற்கரை

—

தென்காசி,
19.7.2025

கடற்கரை,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாய்விட்டே திட்டினேன். கடையில் வேலை பார்க்கும் நயினார், "யாரை அண்ணாச்சி ஏசுதிய?" என்று கேட்டான். ஏலக்காய் மூட்டையை என்றேன்.

ஐந்தாம் நாள் அந்த நாளை ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன். மறைக்காமல் எழுதுகிறேன். மன்சூர் எனக்கு இரண்டு தடவை அடித்தானே, அந்த அழைப்பை நான் பார்த்தேன். செங்கோட்டையில் ஒரு தோட்டக்காரரோடு மங்குஸ்தான் லோடுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். நடுவில் போன் எடுத்தால் பேரம் தளரும். தம்பிதானே, சில்லறை இல்லை என்பான், இல்லையென்றால் தண்ணீர் கூடுது என்பான் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். முந்தின வாரமும் அப்படித்தான் அடித்தான். "தொட்டதுக்கெல்லாம் போன் அடிக்காதலே, நீ போனா பொறத்தால எல்லாவனும் போயிருவான்" என்று வைதிருந்தேன். இது என் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. போனில் அந்த இரண்டு மிஸ்டு காலையும் அன்றைக்கே அழித்துவிட்டேன்.

பலகை ஏறவில்லை. ஹுஸைஃபாவிடம் வெறும் கடைப்பெயர் போதும் என்றேன். தீர்மானத்தைப் புதன்கிழமை அவசரக் கூட்டம் போட்டு ரத்து செய்தாயிற்று. தண்ணீர் நிறம் மாறினால் யாரும் யாரையும் கேட்க வேண்டாம், கடையை விட்டுவிட்டு ஏற வேண்டியது, இடம் அவரவருக்கே என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். முத்துவடிவுதான் முதலில் கை தூக்கினாள். "இதைப் பன்னெண்டு வருசம் முன்னால சொல்லக் கூடாதா அண்ணாச்சி" என்றாள். தலைவர் பதவியை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கூட்டத்தில் எழுதி வைத்துப் பேசவில்லை. நாலு வாக்கியம் பேசினேன், அதில் ஒன்று உன்னைப் பற்றி. கடற்கரையைச் சபையில் வைத்து நான் அவமானப்படுத்தியது தப்பு என்றேன். கைதட்டல் இல்லை.

பிறகு அலிமாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், என் போனையும் சொல்ல வேண்டும், உன் போனையும் சொல்ல வேண்டும், தம்பி பெண்டாட்டிக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது என்றுதான் போனேன். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். மன்சூர் போனதிலிருந்து என்னோடு நேராகப் பேசுவதில்லை. புருஷன் மவுத்தானதும் ஆண்கள் முன்னால் வராமல் இத்தா இருந்த பழக்கம் விடவில்லை போல என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு பெருநாளுக்கும் ஹுஸைஃபாவை மட்டும் அனுப்புவாள், அவள் வரமாட்டாள். அதையும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

"அலிமா, அன்னைக்கு மன்சூர் போன் அடிச்சான்" என்று தொடங்கினேன்.

"தெரியும் பெரிய மச்சான்" என்றாள். "எனக்கும்தான் அடிச்சாவ. 'கடற்கரை அண்ணன்ட்டச் சொல்லிட்டேன், அவுக எங்க அண்ணன்ட்டக் கேட்டுச் சொல்லுவாக'ன்னு சொன்னாவ. நீங்க நிக்கச் சொல்லியிருக்கிய. நின்னுட்டாவ."

அவளே மேலும் சொன்னாள்.

"இதை யார்ட்டயும் நான் சொன்னதில்ல. ஹுஸைஃபாட்டயும் சொல்லல. அவனுக்கு வாப்பாவும் இல்ல, பெரியவாப்பாவும் இல்லன்னு ஆயிரக் கூடாதுல்லா."

பன்னிரண்டு வருஷமாக அவள் அப்படி நினைத்துக்கொண்டுதான் என் வீட்டு அரிசியை வாங்கிச் சமைத்திருக்கிறாள்.

இல்லம்மா, எனக்குச் செய்தியே வரவில்லை, கடற்கரை என்னிடம் கேட்கவே இல்லை என்று வாய்வரை வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அவள் என் முகத்தைப் பார்த்திருப்பாள். அதற்கு எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உன்னிடம் மறைக்கவில்லை. சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துவிடாதே, நான் அவ்வளவு நல்லவன் இல்லை.

அங்கே நின்றபடியே யோசித்தேன். நீ உடனே எனக்கு அடித்தாய், நான் எடுத்தேன், மன்சூர் கடையை எடுக்கட்டுமா என்று கேட்கிறான் என்கிறாய் என்றே வைத்துக்கொள்வோம். நான் என்ன சொல்லியிருப்பேன்? எதிரே தோட்டக்காரர் உட்கார்ந்திருக்கிறார், பேரம் முடியப் போகிறது. "நிக்கச் சொல்லு, நான் வந்து பாக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பேன், கடற்கரை. எத்தனை தடவை எப்படி நினைத்துப் பார்த்தாலும் வேறு வார்த்தை வரவில்லை.

அவள் நம்புவதில் பொய் எதுவும் இல்லை. அதனால் "ஆமா" என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ அங்கே போய் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

பரீது